மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்: டிப்ரஷனிலிருந்து வெளியே வர முதல் சில வாரங்களில் என்ன செய்யலாம்

"கொஞ்சம் மனசு சரியாகட்டும், அப்புறம் எல்லாத்தையும் பார்த்துக்கலாம்." டிப்ரஷனில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் ஆளை மாதக்கணக்கில் படுக்கையோடு கட்டிப்போடுவதும் இந்த எண்ணம்தான். மனசு தேறிய பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று இருந்தால், டிப்ரஷனில் அந்த நாள் சுலபத்தில் வருவதில்லை. வேலையைத் தொடங்கினால், அதுவும் மிகச் சின்னதாகத் தொடங்கினால், மனசு மெல்லப் பின்னால் வரும். இதை ஒரு முறையான சிகிச்சையாகவே உளவியலில் பயன்படுத்துகிறார்கள். அதை வீட்டில் எப்படித் தொடங்குவது, எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போயே ஆக வேண்டும், கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது வெறும் கவலையா, டிப்ரஷனா?

கவலை எல்லோருக்கும் வரும். கடன் இருந்தால் வரும், வீட்டில் சாவு விழுந்தால் வரும். அதெல்லாம் நோய் இல்லை. டாக்டர்கள் பார்ப்பது இதைத்தான்: குறைந்தது 2 வாரமாக, கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனசு இறுகிக் கிடக்கிறதா? அல்லது முன்பு பிடித்த எதிலுமே நாட்டம் போய்விட்டதா? இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுவது (அதிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுவது, இல்லையென்றால் எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருப்பது), சாப்பாடு இறங்காதது அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, ஒரு வேலையும் செய்யாமலே களைத்துப்போவது, கவனம் நிற்காதது, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, "நான் எதுக்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் பாரம்" என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு. இப்படி மொத்தம் 9 அறிகுறிகளில் 5 சேர்ந்து இருந்து, அன்றாட வாழ்க்கையும் முடங்கினால் அது சிகிச்சை வேண்டிய மனச்சோர்வு.

நம் ஊரில் இது பெரும்பாலும் மனசு என்ற பெயரில் வெளியே வருவதில்லை. தலைபாரம், கைகால் உளைச்சல், நெஞ்சில் ஒரு அழுத்தம், வயிற்று எரிச்சல், "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஈசிஜி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லை, போங்க" என்று ஒரு சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட அந்த வலி நிஜமான வலி. ஆண்களிடம் பல நேரம் இது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படும், வயதானவர்களிடம் மறதி போலத் தெரியும், பள்ளிப் பிள்ளைகளிடம் சிடுசிடுப்பாக இருக்கும். குழந்தை பெற்ற பெண்ணுக்கு முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், அது 2 வாரத்தைத் தாண்டியும் போகாவிட்டால் "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

நீங்களே ஒரு கணக்குப் பார்க்க பிஎச்க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவம் இருக்கிறது. இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும். கடந்த 2 வாரத்தை நினைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் தள்ளிப்போடவே வேண்டாம். கடைசிக் கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது, அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். இந்தப் படிவம் நோயை உறுதி செய்வதில்லை, அது டாக்டரின் வேலை. ஆனால் 3 வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்து, தேறுகிறோமா என்று தெரிந்துகொள்ள அருமையான கருவி.

இன்னும் இரண்டு விஷயம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு எல்லாமே டிப்ரஷன் மாதிரி ஆளைச் சோர்த்துப்போடும், அதனால் அந்த ரத்தப் பரிசோதனைகளை முதலில் செய்துவிடுவது நல்லது. அடுத்தது, முன்பு எப்போதாவது நாள்கணக்கில் சரியாகத் தூங்காமலே தெம்பாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டு, கைக்கு மீறிச் செலவு செய்துகொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்டுக்கொண்டு இருந்ததுண்டா? இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது பைபோலாராக, அதாவது மனசு ஒரு காலம் உச்சத்துக்கும் ஒரு காலம் அடிமட்டத்துக்கும் போய்வரும் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, டிப்ரஷன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு நிலைமை மறுபக்கம் தாவிவிடும். காதில் குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம் மாதிரி ஏதாவது இருந்தால் கீழே சொல்லும் வீட்டு முறைகளில் இறங்காமல் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால்

மீதியை அப்புறம் படிக்கலாம், இதை முதலில் செய்யுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் 1926-க்கு அழைக்கலாம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படித் தோன்றுகிறது என்று சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல் ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் அதைக் கேட்க ஒரு ஆள் வந்ததே அவருக்குப் பெரிய ஆசுவாசம். கேட்டுவிட்டுத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மிச்சம் மீதி மாத்திரைகள் இருந்தால் அன்றைக்கே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த உச்சகட்ட வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது, அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே ஒரு உயிரைக் காப்பாற்றிவிடும். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து யாரும் மறைக்க வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

சின்ன வேலைக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது

டிப்ரஷன் முதலில் செய்வது நம் நாளைச் சுருக்குவது. மனசு சரியில்லை என்று ஒரு கல்யாணத்துக்குப் போவதில்லை, நண்பரின் போனை எடுப்பதில்லை, நடைப்பயிற்சி நின்றுபோகிறது. இவை ஒவ்வொன்றும் நமக்குக் கொஞ்சம் கொஞ்சம் சந்தோஷம் தந்துகொண்டிருந்தவை. அவை நின்றதும் மனசு இன்னும் இறங்குகிறது, இறங்கியதும் இன்னும் இரண்டு விஷயத்தை விடுகிறோம். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் இந்தச் சுழலைத்தான் மையமாக வைத்து சிகிச்சை முறையை வகுத்தார். அதற்குச் சற்று முன்னால் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், சோர்ந்த மனசு தன்னையும் உலகத்தையும் எதிர்காலத்தையும் கோணலாகப் பார்க்கிறது, அந்த எண்ணங்களைப் பரிசீலிக்கக் கற்றுக்கொடுத்தால் ஆள் தேறுகிறார் என்று காட்டினார். அதுதான் இன்று சிபிடி, எண்ணத்தையும் செயலையும் சேர்த்து மாற்றும் பேச்சு சிகிச்சை. 1996-ல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு சிபிடியின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. எண்ணங்களைத் தொடாமல் செயல்பாடுகளை மட்டும் திரும்பக் கொண்டுவந்தவர்களும், முழு சிகிச்சை பெற்றவர்களைப் போலவே தேறியிருந்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆதாரம் கோவாவில் இருக்கிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான டிப்ரஷனில் இருந்தவர்களுக்கு இதே முறையை 6 முதல் 8 அமர்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் டாக்டர்களோ உளவியல் படித்தவர்களோ இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 3 மாதம் கழித்து, இந்த ஆலோசனை கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். ஒரு சுகாதார நிலையத்து மூலையில் உட்கார்ந்து செய்யக்கூடிய சிகிச்சை இது என்பதுதான் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை தருகிறது.

சரி, எப்படிச் செய்வது

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு இரண்டு மூன்று மணி நேரத்துக்கும், என்ன செய்தேன், மனசு எத்தனை என்று எழுதுங்கள். 0 என்றால் படுமோசம், 10 என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது. எழுதத் தெம்பில்லை என்றால் வீட்டில் ஒருவர் கேட்டு எழுதட்டும், போனில் பேசிப் பதிவு செய்தாலும் சரி. ராத்திரி மொத்தமாக நினைவுபடுத்தி எழுதினால் மட்டும் பயன் குறைவு, ஏனென்றால் டிப்ரஷனில் இருக்கும் மனசு நாள் முழுக்க 1 என்றுதான் ஞாபகம் வைத்திருக்கும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தையல்கடை வைத்திருந்த ஒரு அக்கா, இரண்டு மாதமாகக் கடையைத் திறக்கவில்லை. அவருடைய ஒரு நாள் இப்படி இருக்கும். காலை 5: விழிப்பு, எழவில்லை, மனசு 2. காலை 9: மகள் இட்லி கொடுத்தாள், ஒன்று சாப்பிட்டேன், 3. 10 முதல் 1 வரை: போன், வீடியோ, 2. மதியம்: படுத்தே இருந்தேன், 1. சாயங்காலம் 5: பக்கத்து வீட்டுப் பாட்டி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தரச் சொன்னார், வைத்துக் கொடுத்தேன், 4. ராத்திரி 9 முதல் 12: கடனைப் பற்றி யோசனை, 1.

அந்த 4-ஐப் பாருங்கள். அக்காவைக் கேட்டால் "நாள் பூரா நாசம்" என்றுதான் சொல்வார். ஆனால் நோட்டில் அது இருக்கிறது. படுத்திருந்த நேரம் ஓய்வு தரவில்லை, மனசை 1-க்கு இறக்கியிருக்கிறது. விரலளவு வேலை, ஒரு மனுஷரோடு இரண்டு வார்த்தை, அது 4-க்கு ஏற்றியிருக்கிறது.

இரண்டாவது வாரம் இங்கிருந்து தொடங்க வேண்டும். "நாளையிலிருந்து கடையைத் திறக்கிறேன்" என்று கிளம்பினால் பெரும்பாலும் தோல்விதான், அந்தத் தோல்வி இன்னொரு கல்லை நெஞ்சில் ஏற்றும். நாளைக்குக் காலை 11 மணிக்கு, வீட்டில் இருக்கும் மெஷின் உறையை எடுத்து, தூசி தட்டி, நான்கு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அவ்வளவுதான், தைக்க வேண்டியதில்லை. மறுநாள் பாபினில் நூல் சுற்றி ஒரு தலையணை உறையின் ஓரத்தை மடித்து அடிப்பது. அதற்கடுத்து மகளோடு கடைவரை போய் ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது. வாடிக்கையாளர் வந்தால் "அடுத்த வாரம் வாங்கக்கா" என்று சொல்லலாம். ஒரு அடி பெரிதாகத் தெரிந்தால் பாதியாக நறுக்குங்கள், அதுவும் பெரிதென்றால் இன்னும் பாதி. சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், மனசுக்கு இதம் தருவது கொஞ்சம், "முடிச்சுட்டோம்" என்ற திருப்தி தருவது கொஞ்சம், இரண்டும் கலந்து இருக்கட்டும். மல்லி தொடுப்பது, பாட்டு கேட்பது ஒரு பக்கம், கரண்ட் பில் கட்டுவது, ஒரு அலமாரித் தட்டை ஒழுங்கு செய்வது இன்னொரு பக்கம். தினமும் ஒரு மனுஷ முகம் அதில் இருக்க வேண்டும். வெயிலில் கொஞ்சம் நடை இருந்தால் நல்லது. எழுந்திருக்கும் நேரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்கட்டும், தூக்கம் எப்போது வந்திருந்தாலும் சரி. குடி இருந்தால் முதலில் அதைக் குறைக்கும் வழியைப் பாருங்கள், அன்றைக்கு மரத்துப்போக வைத்தாலும் மறுநாள் மனசை இன்னும் கீழே இழுக்கும். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று தானாக நிறுத்தக் கூடாது, நடுக்கமும் வலிப்பும் வரலாம், அதை டாக்டர் பார்வையில் செய்ய வேண்டும்.

இதில் விதி ஒன்றே ஒன்றுதான். நோட்டில் 11 மணி என்று எழுதியிருந்தால் 11 மணிக்குச் செய்வது, மனசு அப்போது என்ன சொன்னாலும். சந்தோஷம் பொங்கும் என்று எதிர்பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். முதல் சில தடவை ஒன்றுமே தோன்றாமல் மரக்கட்டை போலச் செய்வீர்கள். 2 என்பது 3 ஆனால் அன்றைக்கு அது வெற்றி. ஒருநாள் விட்டுப்போனால், விட்டதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாமல், என்ன குறுக்கே வந்தது என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள்.

ராத்திரி யோசனை

மேலே அந்த அக்கா 9 முதல் 12 வரை கடனைப் பற்றி யோசித்தார் இல்லையா, அந்த நேரம்தான் ஆளைத் தின்பது. ஒரே நினைப்பை அசைபோட்டுக்கொண்டே இருப்பது பிரச்சினையைத் தீர்க்கும் வேலை மாதிரித் தோன்றும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுக் கேளுங்கள்: தீர்வுக்கு ஒரு அடி நகர்ந்தேனா? புதிதாக ஏதாவது புரிந்ததா? என்மேல் எனக்கிருக்கும் கோபம் கொஞ்சம் குறைந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது அசைபோடல், உடனே இடத்தைவிட்டு எழுந்து கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற ஒரு வேலைக்கு மாறுங்கள், கீரை ஆய்வதோ பாத்திரம் துலக்குவதோ எதுவானாலும். நினைப்பை அடக்கப் பார்க்க வேண்டாம், அடக்க அடக்க அது வரும்.

ஆனால் கடன் நிஜம். அதை "பாசிட்டிவா நினைங்க" என்று மூடி மறைப்பது அந்த மனுஷருக்குச் செய்யும் அநியாயம். பகலில், தாளில் எழுதிப் பிரிக்க வேண்டும்: யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, இந்த மாதம் தவறினால் எது பெரிய சிக்கல். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு என்னென்ன வழி உண்டு என்று நல்லது கெட்டது பார்க்காமல் நான்கைந்து எழுதி, ஒன்றைத் தேர்ந்து, இந்த வாரம் முதல் அடி என்ன என்று முடிவு செய்வது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், சுகாதார நிலையங்களின் வாசலில் மர பெஞ்சு போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை உட்காரவைத்துச் செய்துவருவது கிட்டத்தட்ட இதுதான். அங்கே வருபவர்களும் வேலையில்லை, பணமில்லை, வீட்டில் அடிதடி என்றுதான் வருகிறார்கள்.

அப்புறம் தீர்ப்பு மாதிரி வந்து விழும் எண்ணங்கள். "பையன் போன் எடுக்கல, நான் யாருக்கும் வேண்டாதவளாகிட்டேன்." இதை எழுதிவிட்டு, நடந்தது என்ன, நான் சேர்த்துக்கொண்டது என்ன என்று இரண்டாகப் பிரியுங்கள். நடந்தது: மதியம் 3 மணிக்கு எடுக்கவில்லை. மீதி எல்லாம் சேர்த்தது. அவன் ஷிப்டில் இருந்திருக்கலாம், நேற்று அவனே அழைத்துப் பேசினான். இதே நிலையில் உங்கள் தங்கை இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து அதையே உங்களுக்கும் சொல்லுங்கள். எழுதியதும் மனசு தெளிந்துவிடாது, ஆனால் தீர்ப்பின் பிடி தளரும்.

கூட இருப்பவர்களுக்கு

"உனக்கென்ன குறை?", "தைரியமா இரு", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எவ்வளவு பேர் இருக்காங்க" — இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அவருக்கு ஏற்கனவே இருக்கும் குற்ற உணர்வில்தான் இவை போய்ச் சேர்கின்றன. "என்ன பண்ணணும்னு சொல்லு, செய்யறேன்" என்று கேட்பதும் அவ்வளவாக உதவாது, யோசித்துச் சொல்லும் தெம்பு அவரிடம் இல்லை. "அண்ணே, வாங்க, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம், பேச வேண்டாம், சும்மா நடப்போம்" என்று செருப்பை எடுத்து வைப்பது உதவும். மறுத்தால் நாளைக்கு மறுபடி கூப்பிடுங்கள், முகம் சுளிக்காமல். அதற்காக எல்லா வேலையையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள், அவர் பெயரில் தினமும் ஒரு சின்ன வேலை இருக்கட்டும். கோயில், தர்கா, சர்ச் என்று கூட்டிப்போவதில் தவறில்லை, பலருக்கு அது ஆறுதல், வெளியே போய்வரவும் அது ஒரு வழி. சிகிச்சையைத் தள்ளிப்போட அது காரணமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

டாக்டரும் மாத்திரையும்

தினசரி வேலையே செய்ய முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவு எண்ணம் இருக்கிறது, அல்லது 3, 4 வாரம் மேலே சொன்னதைச் செய்தும் நகரவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம் என்றாலே மிரள வேண்டியதில்லை, அங்கேயும் காலையில் சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

டிப்ரஷன் மாத்திரை காய்ச்சல் மாத்திரை போல அன்றைக்கே கேட்காது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு 6 வாரம். ஆனால் குமட்டல், தலைவலி, படபடப்பு மாதிரியான தொந்தரவுகள் முதல் வாரமே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் "எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். தொந்தரவு அதிகமாக இருந்தாலோ, பதற்றமோ சாவு எண்ணமோ கூடினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அடிமையாக்கிவிடும் என்ற பயம் தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகைகளுக்குப் பொருந்தும், அவற்றைப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. கடுமையான நிலையில் ஷாக் ட்ரீட்மென்ட் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் சினிமாவில் பார்த்ததை நினைத்துப் பதறாதீர்கள். மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை.

கவுன்சலிங் போவதானால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், எத்தனை அமர்வு ஆகும் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அறிவுரை மட்டுமே கேட்டுவிட்டு வருகிறீர்கள், அடுத்த வாரத்துக்குச் செய்ய எதுவும் தரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தேறிய பிறகு அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், டிப்ரஷன் பலருக்குத் திரும்ப வருகிற நோய். கடைசிப் பக்கத்தில், இது ஆரம்பித்தபோது முதலில் எது மாறியது என்று எழுதிவையுங்கள். சிலருக்கு அது அதிகாலை விழிப்பு, சிலருக்கு போன் எடுக்காமல் விடுவது, அந்த அக்காவுக்குத் துணியை வாங்கி வைத்துவிட்டு வெட்டாமலே நாள் கடத்துவது. அதை வீட்டில் ஒருவரிடம் படித்துக் காட்டி, "இப்படி நான் ஒரு வாரம் இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடு, நான் வேண்டாம்னு சொன்னாலும்" என்று இப்போதே சொல்லிவையுங்கள்.